முன் சீட்டுக்காரி

“இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க சார். இந்தச் சனியன் வாசல விட்டுப் போனாத்தான் எனக்குச் சோறு எறங்கும்” என்று ரெபேக்கா கார் சாவியை லிங்கப்பனின் கையில் திணித்தாள்.

கொள்ளேகாலில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் லிங்கப்பன் இப்படியொரு வரவேற்பை எதிர்பார்க்கவில்லை. மகன் கவின்ராஜின் கல்யாண ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டும், அதுவும் வாடகைக் கார் கூடாது என்று மனைவி கமலம்மாளை அழைத்துக்கொண்டு மைசூருக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் ரெபேக்காவும் அவள் புருஷன் மெர்வினும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

காரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய அமெரிக்க செவர்லே. வெளிர்நீல உடம்பு, பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு முனைகள், மடக்கிவிட்டால் வானம் தெரிகிற துணிக்கூரை. ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை மெர்வின் தன் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் செலவழித்து ஓட வைத்திருந்தான். சிவப்பு சீட்டுகளை ரெபேக்கா தைத்திருந்தாள்.

ஆனால் கார் மெர்வினுக்கு மட்டும் சொந்தமில்லை. அப்பா இறந்த பிறகு பாதி, பெங்களூரில் இருக்கும் அண்ணன் சகாயநாதனுக்குச் சேர்ந்துவிட்டது. விளம்பரம் கொடுப்பதும் ஆள் அனுப்புவதும் அவர்தான். “கிறிஸ்துமஸுக்குள்ள வித்துக் குடு. அதுக்கு மேல நான் ஆள் தேடி அலைய மாட்டேன். அந்தத் தகரத்த நீயே கட்டிக்கிட்டு அழு” என்று கறாராகச் சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு அதிக நாள் இல்லை.

“ஸ்டியரிங் எடப்பக்கமா இருக்குதுங்களே, நம்மூரு ரோட்டுக்கு இது ஆவுமுங்களா?” என்று லிங்கப்பன் பேரத்துக்கு அடிபோட்டார்.

“ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஆகும்” என்றான் மெர்வின்.

“அப்படித்தான், வாங்க வர்றவங்க மூஞ்சில அடிக்கிற மாதிரி பேசு.” ரெபேக்கா பாய்ந்தாள். “வித்துட்டா அந்த ரூபாங்கறவள எதுல கூட்டிட்டுச் சுத்தறதுன்னு பயமா?”

லிங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கமலம்மாள் அப்போதுதான் முன் சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள். வைத்த காலை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டாள்.

“வெளி ஆளுங்க முன்னாடி மானத்த வாங்காத. உள்ள போ” என்றான் மெர்வின்.

“நான் எதுக்குப் போகணும்? சாமுண்டி மலை ரோட்டுல ஊரே பாத்துச்சு. வெரல்ல ஊசி குத்தக் குத்த நான் தெச்ச சீட்டுல, நான் உக்கார வேண்டிய எடத்துல, அவ முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டுப் போறா. இந்த வண்டி ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே என் குடும்பம் ரெண்டாப் போச்சு.”

ரெபேக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தேம்பிக்கொண்டே, திறந்து கிடந்த கார்க் கதவை இரண்டு கைகளாலும் பதமாகச் சாத்தினாள்.

“சும்னே ஏன் கத்தற? டைவர்ஸ்தானே கேக்கற, தர்றேன்” என்றான் மெர்வின். “இனிமே உன் மூஞ்சில முழிக்கிறதா இல்ல.”

சண்டை நடக்கிற வீட்டில் விலை படியும் என்பது லிங்கப்பனின் மண்டி அனுபவம். மெர்வினின் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். கமலம்மாள் விடவில்லை.

“ஏனுங், சாவியக் குடுத்துட்டு வாங்க. போலாம்.”

“வண்டி நல்லாத்தான புள்ள இருக்குது.”

“வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. ஒரு குடும்பத்தப் பிரிச்ச வண்டியில, எவளோ ஒருத்தி உக்காந்துட்டுப் போன சீட்டுல, எம்மருமகளக் கொண்டுபோயி உக்கார வெக்கச் சொல்றீங்களா? முதல் ஊர்வலமே இதுலதானுங்களா?”

லிங்கப்பன் வண்டியை இன்னொரு முறை ஆசையோடு பார்த்துவிட்டு, சாவியை பானெட் மேல் வைக்கப் போனார். ரெபேக்கா முந்திக்கொண்டு கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“அழுவாத கண்ணு” என்று கமலம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “இவனை நம்பிக்கிட்டு இங்க கெடக்காத. உன்ற அம்மா ஊட்டுக்குப் போயிரு.” போகிறபோக்கில் மெர்வினை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்கள் தெருமுனையைத் தாண்டிச் சற்று நேரத்துக்கெல்லாம் மெர்வினின் போன் அடித்தது. அண்ணன்தான். ஸ்பீக்கரில் போடாமலேயே அவர் குரல் கேட்டது.

“இவங்களும் ஓடிட்டாங்களாடா? வர்றவங்க முன்னாடியெல்லாம் அடிச்சுக்கிட்டு நின்னா எவன்டா வாங்குவான்? அந்தம்மா என்னையே திட்டுது, இப்படிப்பட்ட வண்டியவா விக்கப் பாத்தீங்கன்னு. எனக்கு வெறுத்துப்போச்சுடா. இனிமே ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். பாதியும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன் பொண்டாட்டி கண்ணீரு பட்ட காசு எனக்கு ஆகாது. அந்தத் தகரம் உங்கிட்டயே கெடக்கட்டும்.”

“சரிண்ணா” என்றான் மெர்வின்.

போனை வைத்ததும் ரெபேக்கா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். காரைச் சுற்றிக்கொண்டு போய், முன் சீட்டில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மெர்வின் அவள் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டான்.

“போன வாரம் வந்தவங்ககிட்ட அவ பேரு சுசித்ரான்னுல்ல சொன்ன?”