இரண்டு ஃப்ரேம் தாமதம்

திரையில் குட்டை வாத்து நேராக நடந்து போனது.

"ஆபரேஷன் சக்சஸ் சார்," என்றாள் கம்ப்யூட்டரில் அசைவு போடும் பெண். "வாத்துக்கு மூட்டு மாத்தியாச்சு. ஜம்முனு நடக்குது பாருங்க."

அறையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வாத்தைப் பார்த்து ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இருபத்தாறு வருடமாக டிவியில் அந்தக் கார்ட்டூன் வாத்து நடந்தாலே பிள்ளைகள் சிரிப்பார்கள். கதை ஒன்றும் பெரிதாக இருக்காது. நடைதான் எல்லாம். வலது கால் சரியாக விழும். இடது கால் இரண்டு ஃப்ரேம் தாமதித்து விழும். கண் மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை அது. ஆனால் அதற்குள் இடுப்பு ஒரு வெட்டு வெட்டும், அலகு ஒரு பக்கம் கோணும். அதை வரைந்தவன் நான். அந்த நடையில்தான் வீடு கட்டினேன், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

போன மாதம் சேனலுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தாய். அவருடைய மகளுக்கு ஒரு கால் குட்டை. வகுப்பே அவள் பின்னால் குட்டை வாத்து போல நடக்கிறதாம். பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம்.

கடிதத்தில் திட்டு ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நடையைத் திருத்துவது என்று சேனல் முடிவு செய்தது. பழைய நடை எங்கேயும் மிஞ்சாது; ஒளிபரப்பான பகுதிகளிலும் மாற்றிவிடுவார்கள். அதற்கு என் கையெழுத்து வேண்டும். மூன்று வாரமாக நான் போடவில்லை.

இன்று எரிச்சலில் காரணத்தைச் சொல்லிவிட்டேன். அது என் அப்பாவின் நடை.

குடோனில் மூட்டை சரிந்து அவருடைய இடது முழங்கால் நசுங்கியது. எலும்பு கோணலாகக் கூடியது. அந்தக் காலோடு, எனக்கு வேலை கிடைக்கும் வரை, இன்னும் பதினான்கு வருடம் மூட்டை தூக்கினார். அவரைப் படம்பிடித்து வைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இருப்பது ஒரே ஒரு போட்டோ, அதிலும் உட்கார்ந்திருக்கிறார். அவர் நடப்பதை இனி எங்காவது பார்க்க முடியும் என்றால் அது அந்த வாத்தில்தான்.

சேனல் அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். அப்பா மேல இருந்த பாசத்துல வரைஞ்சேன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. அந்தம்மாவுக்கு அதையே பதிலா அனுப்பிடலாம். பழைய நடையே இருந்துட்டுப் போகட்டும்."

வெள்ளைத் தாள் ஒன்றை என் முன்னால் தள்ளினார். கையெழுத்துக்காக வைத்திருந்த தாளைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தார். கம்ப்யூட்டர் பெண் பழைய நடையைத் திரையில் ஓடவிட்டாள். வெட்டி வெட்டி நடந்தது வாத்து. அறையில் உடனே சிரிப்பு வந்தது. அவளும் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'என் அப்பா' என்று எழுதினேன்.

பேனா அதற்கு மேல் நகரவில்லை. இதைப் பள்ளிக்கூடம் போகாத அந்தப் பிள்ளையும் படிப்பாள். மற்றவர்களை ஏமாற்றலாம். அவளை முடியாது.

"என்ன சார், பெத்த அப்பாவப் பத்தி நாலு வரி எழுத இவ்வளவு யோசனையா?" என்றார் அதிகாரி.

எழுதியதை அடித்தேன். மற்ற தாளை இழுத்தேன். 'வரையும்போது நேர்ந்த பிழை' என்று அச்சாகியிருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"பழைய நடையை நிஜமாவே எடுத்துடவா சார்?" என்று கேட்டாள் கம்ப்யூட்டர் பெண். எடுத்துவிடு என்று கை காட்டினேன்.

பாசத்தில் வரையவில்லை.

எங்கள் தொழிலில் வரைகிறவன் எதையும் முதலில் நடித்துக் காட்ட வேண்டும். வேலைக்கு ஆள் எடுத்த அன்று, வாத்து மாதிரி நடந்து காட்டு என்றார் முதலாளி. இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலை கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது.

எந்த நடைக்கு ஆட்கள் சிரிப்பார்கள் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெருப் பையன்களுக்காக எத்தனையோ முறை நடந்து காட்டியிருக்கிறேன். இடது காலை இழுத்தேன். இடுப்பில் ஒரு கையை ஊன்றினேன். வலியில் அப்பாவின் வாய் எந்தப் பக்கம் கோணுமோ அந்தப் பக்கம் கோணினேன்.

முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை நடந்தேன். திரும்பினேன்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். என்னோடு பஸ்ஸில் வந்தவர், நான் இறங்கும்போது மறந்துவிட்ட வரைபலகையைத் தோளில் தூக்கி வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"உம் மவன் பொழைச்சுக்குவான்யா," என்றார் முதலாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்பாவும் சிரித்தார்.

திரும்பிப் போகும்போது அவர் எனக்குப் பின்னால் வந்தார். அதன்பின் பதினொரு வருடம் உயிரோடு இருந்தார். எனக்கு முன்னால் ஒருமுறைகூட நடக்கவில்லை.