மீட்டர் காட்டிய அறுபது

"வேகமா ஓட்டி கேமராவுல சிக்கிட்டு, அறுபதைத் தாண்டவே இல்லைன்னு சாதிக்கிறான் பையன். வண்டிச் சாவியைப் பிடுங்கி வெச்சுட்டேன். மூணு மாசமா அவன்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல," என்று டயர் கடையில் பொருமினார் அப்பா.

கடைக்காரப் பெண் அந்தச் சின்னக் காரின் நெளிந்த சக்கரத்தைக் கழற்றி அளந்தாள்.

"நாலுமே இந்த வண்டிக்கான சைஸ் இல்ல சார். சக்கரம் பெருசானா மீட்டர் குறைச்சுக் காட்டும். அது அறுபதுன்னு காட்டுறப்ப வண்டி எழுபதுல போகும். கம்பெனி சொன்ன அளவுக்கே மாத்திடுங்க."

"அப்ப அவன் பொய் சொல்லலையா?"

"இல்ல சார். யாரு இதையெல்லாம் மாட்டினது?"

அவர் போனை எடுத்து மகனை அழைத்தார்.

"தம்பி, அப்பா பேசறேன். உன் பிறந்தநாளுக்கு, நீ வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டும் கேக்காம, நான்தானேடா இந்தச் சக்கரத்தை மாட்டினேன்? வந்து சாவியை வாங்கிக்கோ."