வாசலில் கட்டும் முகம்

திருஷ்டிப் பூசணி செதுக்கும் காசிராஜனிடம், பூதத்தின் முகம் வேண்டாமென்று பவளக்கொடி தன் கணவனின் படத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். மாலை போட்டு மாட்டியிருந்த படம்.

"செத்தவர் முகம்மா. புது வீட்டு வாசல்ல போய்..."

"இருந்த வரைக்கும் இந்த முகத்துக்குப் பயந்து ஒருத்தரும் எங்க வாசப்படி மிதிக்கலண்ணே."

அவர் தாளைக் காயின்மேல் ஒட்டி, கோடுகளின் மீது ஊசியால் குத்திக்கொண்டே வந்தார். மீசை முடிந்தது. கண்களுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவள் ஊசியை வாங்கி, நிதானமாகக் குத்தி முடித்தாள். தாளை உரித்தபோது புள்ளிகளில் நீர் கசிந்திருந்தது.

"அமாவாசைக்கு இதை நடுரோட்டுல போட்டு உடைச்சிட்டு வேற கட்டணும்மா" என்றார்.

"தெரியும்ணே. அந்தத் தாளைக் கிழிச்சிடாதீங்க."