பிராது வாபஸ்

திரையில் முப்பத்தெட்டு நிமிடம் பாக்கி என்று காட்டியபோது தேவநாதன் வந்து சேர்ந்தார்.

மூன்று மாதமாக யார் கூப்பிட்டாலும் போனை எடுக்காத மனிதர். எங்கள் சூளையை ஓட்டும் சாஃப்ட்வேரை எழுதியவர். சித்திரையில் ஒரு நாள், 'கம்பெனியை மூடிவிட்டேன், மன்னிக்கவும்' என்று வாட்ஸப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டுவிட்டுக் காணாமல் போனவர்.

விருத்தாசலத்தில் அவர் சாஃப்ட்வேரை நம்பி ஆறு சூளைகள். வருஷத்துக்கு ஒருமுறை அவர் புதுச் சாவி எண் தந்தால்தான் ஓடும். எங்கள் சூளைக்குத்தான் முதலில் கெடு முடிகிறது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு.

காலையிலேயே சுட்டு முடித்திருப்போம். நேற்றுக் கரண்ட் இல்லாமல் ஐந்து மணி நேரம் தாமதமாகத்தான் பற்ற வைக்க முடிந்தது. உள்ளே மின்கம்பத்து இன்சுலேட்டர்கள் ஆயிரத்து இருநூறு டிகிரியில் நிற்கின்றன. இன்னும் மூன்று மணி நேரம் எரிய வேண்டும். பன்னிரண்டு ஆனால் சாஃப்ட்வேர் தானாகவே பர்னரை அணைத்துவிடும். அரைவேக்காட்டுப் பீங்கானை யாரும் வாங்க மாட்டார்கள்.

போன மாதம் ஒரு லோடு கெட்டது. இதுவும் கெட்டால் யூனிட்டைப் பூட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சூளைக்குப் பொறுப்பு நான்தான், பானுமதி. என்னோடு பத்துப் பெண்கள். பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரில் தேதியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். அதற்கும் புண்ணியவான் பூட்டுப் போட்டிருந்தார்.

"வாங்க சார். இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றேன்.

ஆள் பாதியாகியிருந்தார். சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். கீபோர்டைத் தொடவில்லை.

"மொதல்ல பிராத வாபஸ் வாங்குங்க மேடம்."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், போலீசில் மனு கொடுப்பது மாதிரி சாமிக்கே மனு எழுதிக் கட்டுவார்கள். அதுதான் பிராது. தொண்ணூறு நாளில் தீர்ப்பு வந்துவிடும் என்று நம்பிக்கை. கட்டியவரே போய்த்தான் வாபஸ் வாங்க முடியும். மூன்று வாரத்துக்கு முன்பு, ஆத்திரம் தாங்காமல், நான் அதே வாட்ஸப் குழுவில் எழுதியிருந்தேன்: 'தேவநாதன் பேரில் பிராது கட்டியாச்சு. இனி சாமி பார்த்துக்கும்.'

ஐந்து சூளைக்காரர்களும் கும்பிடு போட்டிருந்தார்கள். தேவநாதன் படித்துவிட்டார் என்று நீலக் கோடு காட்டியது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"கம்பெனிய மூடுனதே பொண்ணுக்காவத்தான். நல்லா தேறிட்டு வந்தா. நீங்க அதப் போட்ட மறுநாளு ஐசியூவுக்கு மாத்துனாங்க. இன்னும் கண்ணு முழிக்கல" என்றார்.

புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து, இங்கே யாரிடமோ பைக் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கோயிலுக்கு நான் கூட வர வேண்டும். வாபஸ் வாங்கிய பிறகு வந்து சாவி எண் போடுவாராம்.

கோயிலுக்குப் போய்த் திரும்பவே அரை மணி நேரம் ஆகும். திரையில் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.

கத்தினேன். கெஞ்சினேன். இங்கே பதினோரு பேர் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்றேன். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பதினான்கு. பதினொன்று. ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்து வந்து நின்றது. அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவாரோ என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டேன்.

வாசலில் நின்றிருந்த சூளைப் பெண்களில் ராஜம்மாள்தான் கேட்டாள்.

"பொண்ணு பேரு என்னாங்க?"

"பாலாம்பிகை" என்றார். சொன்னதும் அவர் முகம் கோணிக்கொண்டது. அழுகை நிற்க வெகுநேரம் ஆயிற்று. நான் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான்கு நிமிடம் இருக்கும்போது கையை எடுத்துக் கீபோர்டில் வைத்தார்.

எண்களைத் தட்டினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த நிமிடக் கணக்கு மறைந்தது. பர்னர் சத்தம் குறையவில்லை. மற்ற ஐந்து சூளைகளுக்கும் எண்கள் எழுதிய தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"பத்து வருஷத்துக்கு ஓடும். இப்ப எங்கையில ஒண்ணுமில்ல மேடம். நீங்க மனசு வெச்சு வந்தாத்தான் உண்டு."

சூளையை ராஜம்மாளிடம் விட்டுவிட்டு பைக்கில் ஏறினேன். நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

கோயிலுக்குள் வரப் பயமாக இருக்கிறது என்று அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாபஸாம்மா? கட்டுன தேதி சொல்லு" என்றார் சீட்டுக் கொடுப்பவர்.

தேதி ஏது? அன்றைக்கு மிரட்டலுக்கு வாட்ஸப்பில் எழுதியதோடு சரி. நான் கோயில் பக்கமே வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவர் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றுகொண்டிருந்தார்.

"புதுசா கட்டணுங்க" என்றேன்.

தாள் கொடுத்தார்கள். பாலாம்பிகை என்று எழுதினேன். கண் முழிக்க வேண்டும் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. மடித்துக் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"வாபஸ் ஆயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சு சார்."

அவர் அந்த இடத்திலேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.