சியாங் மாய்க்கு ஒரு தூக்குச் சோறு

மலர் விழாவுக்காகத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்துத் தெருக்களை அடைத்திருந்தார்கள். லம்பாங்கிலிருந்து வந்த கம்பானும் அவர் மனைவி புவாசோனும் பேருந்தை விட்டிறங்கிக் கோயிலை நோக்கி வேகமாக நடந்தார்கள்.

“பூத்தேரை அப்புறம் பாக்கலாம், வா. உச்சி தாண்டிட்டா பிக்குமாருங்க சாப்பிட மாட்டாங்க.”

“நீங்கதான் வாயப் பொளந்துக்கிட்டு நின்னீங்க! போன மாசமே அவன் எலும்பும் தோலுமா இருந்தான்.”

“காவி கட்டினவரை அவன் இவன்னு சொல்லாதடி.”

“இருபத்திரண்டு வயசுப் பிள்ளைய வேற எப்படிச் சொல்றதாம்?”

கோயில் முற்றத்தில் இருந்த இளம் பிக்கு அவர்களைக் கண்டதும் தலைகுனிந்தார். புவாசோன் மண்டியிட்டு, தாமரைப் பூக்களையும் ஒட்டரிசிச் சோற்றையும் அவர் முன் வைத்தாள்.

“மாசாமாசம் வராதீங்கம்மா,” என்றார் பிக்கு. “உங்க முகத்தைப் பாக்கவே எனக்குத் தகுதியில்லை. அன்னைக்கு லாரி ஓட்டும்போது நான் கண்ணசராம இருந்திருந்தா, உங்க மகன் இன்னைக்கு உயிரோட இருப்பான்.”

புவாசோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவனுக்குப் புண்ணியம் சேரணும்னுதானே காவி கட்டினீங்க? நீங்க பட்டினி கிடந்தா அது எப்படிச் சேரும்? சாப்பிடுங்க சாமி.”

பிக்கு முதல் கவளத்தை எடுத்தார். கம்பான் மகனின் பெயரைச் சொல்லித் தரையில் நீர் வார்த்தார்.