ஒரு நட்சத்திரம்

“அஞ்சில ஒண்டு. அதுக்கு மேல ஒரு நட்சத்திரமும் குடுக்க மாட்டன்” என்றாள் கேசிகா.

“அந்த ஒண்டும் கூடத்தான்” என்றாள் குகனேஸ்வரி. “நல்லாக் காரமா எழுது பிள்ளை. வேலை செய்யாமல் சம்பளம் எடுக்கிற ஆக்களை எனக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது.”

இத்தாலியில், பலெர்மோ நகரத்துச் சீசாப் பக்கம், கேசிகாவின் மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில் இருவரும் தேநீரோடு இருந்தார்கள். கேசிகாவின் கையில் போன். ஸ்பெயினில் செவில்லா நகரத்தில் அவர்கள் தங்கிய ஹோட்டல், ‘எங்கள் சேவை எப்படி?’ என்று கேட்டு அனுப்பியிருந்தது. கேட்டது அவர்களின் பிழை.

கேசிகாவின் அம்மா நாகபூசணி, வியா மக்வேதாத் தெருவில் ஒரு விடுதியில் இருபத்திரண்டு வருடமாக அறை துப்புரவாக்குகிறாள். ஊர் பார்க்க வந்தவர்கள் கசக்கிப் போட்ட படுக்கைகளை விரித்து விரித்தே இடுப்புப் போய்விட்டது. தான் ஒரு நாளும் விருந்தாளியாக எங்காவது போய்ப் படுத்ததில்லை. கேசிகாவுக்கு வேலை கிடைத்ததும் முதல் காரியமாக அம்மாவையும் அப்பாவையும் செவில்லாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு நாள். ஒரே ஒரு நிபந்தனை. அம்மா கூட்டுகிற தும்புத்தடியைத் தொடக்கூடாது.

அந்த நாலு நாளும் நாகபூசணியின் வேலைக்கு அவளுடைய சிநேகிதி குகனேஸ்வரி போனாள். பலெர்மோவில் எங்கள் தமிழ்ச் சனத்துக்குள் இது வழக்கம். ஒருத்திக்கு ஏலாவிட்டால் இன்னொருத்தி போய்ச் செய்துவிட்டு வருவாள். முதலாளிமாருக்கும் வீட்டுக்காரச் சிஞ்ஞோராமாருக்கும் இடம் மினுங்கினால் சரி. யார் மினுக்கியது என்று யாரும் கேட்பதில்லை.

“இடம் வடிவோ?” என்று கேட்டாள் குகனேஸ்வரி.

“வடிவெண்டா அப்பிடி வடிவு அன்ரி. தெருவெல்லாம் ஒரேஞ்சு மரம். பெரிய கோபுரத்துக்கு ஏறப் படியே இல்லை, சாய்வா நடந்து போகலாம். அம்மான்ரை முழங்காலுக்கெண்டே கட்டினது மாதிரி. ஆனா அவ அதைப் பாக்கேல்லை.”

“ஏன்?”

“காலமை எழும்பினா தலையிடி. ‘நீங்கள் போங்கோ, நான் மத்தியானம் வாறன்’ எண்டுவா. மூண்டு காலமையும் அதே கதை. நானும் அப்பாவும் தனியச் சுத்தினம்.”

கடைசி நாள், மறந்துவிட்ட வெயில் கண்ணாடியை எடுக்கக் கேசிகா அறைக்குத் திரும்பி வந்தாள். அம்மா குளியலறையில் முழங்காலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“‘துப்புரவாக்கிற பிள்ளை வாறேல்லைப் போல, அதுதான் சும்மா…’ எண்டு இழுக்கிறா. எனக்கு வந்த விசர்! கீழை போய்க் கேக்கிறன் எண்டு வெளிக்கிட, கையைப் பிடிச்சு மறிச்சுப்போட்டா.”

கேசிகா எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். ‘நாலு நாளில் துப்புரவுப் பெண் ஒரு தடவைகூட எங்கள் அறைக்கு வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதான என் அம்மா முழங்காலில் நின்று குளியலறை தேய்த்தார். அந்தப் பெண்ணின் பெயர் றொசாரியோ. மேசையில் வைத்திருந்த அட்டையில் இருந்தது.’

“பேர் போட்டது திறம். அதோடை அவளின்ரை வேலை போச்சு.”

“ஆரின்ரை வேலை போச்சு?”

கதவடியில் நாகபூசணி நின்றாள். வேலை முடிந்து வந்த கையில் இன்னும் ப்ளீச் மணம்.

கேசிகா சொன்னாள். நாகபூசணி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“அனுப்பிப்போட்டியோ?”

“இன்னும் இல்லை.”

“அழி.”

“ஏனம்மா? அவள் வரேல்லைத்தானே!”

“வந்தவள். முதல் நாளே வந்தவள். அழுதழுது படுக்கை விரிச்சாள். அவளின்ரை ஸ்பானியப் பாசை இத்தாலியன் மாதிரி, அரைவாசி விளங்கிச்சுது. நாலு வயசு மகனாம், ஒப்பரேசன் செய்து ஆஸ்பத்திரியில கிடக்கிறான். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு கிழமை, லீவு கேட்டா நிப்பாட்டிப்போடுவாங்கள். ‘நீ பிள்ளையிட்டைப் போ, நான் செய்து வைக்கிறன்’ எண்டன்.”

“எங்கடை அறையையோ?”

“அந்த மாடி முழுக்க. ஒம்பது அறை. அவளின்ரை மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிலைத் தள்ளினன். ஒருத்தரும் என்ரை முகத்தைப் பாக்கேல்லை.”

குகனேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“பொறுங்கோ அக்கா. நான் இஞ்சை உங்கடை வேலையைச் செய்ய, நீங்கள் அங்கை போய் அவளின்ரை வேலையைச் செய்தனீங்களோ?”

“ஓம்.”

“ஆரெண்டே தெரியாத ஒருத்திக்கு?”

“எனக்கு ஏலாட்டி நீ வருவாய். அவளுக்கு அந்த ஊரில வர ஆரும் இல்லையாம்.”

“ஆறுதலா இருக்கத்தானே அம்மா கூட்டிக்கொண்டு போனன்!” கேசிகாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா நீ விட்டிருப்பியோ? பின்னேரம் ஆத்தங்கரையில உன்னோடை இருந்தன்தானே. நல்ல காத்து.”

குகனேஸ்வரி ஆறிப்போன தேநீரை ஒரே மிடறில் குடித்து முடித்தாள். பிறகு, காரமாக எழுதச் சொன்னது வேறு யாரோ என்பதுபோல, “அழிச்சுப்போடு பிள்ளை” என்றாள்.

கேசிகா அழித்தாள். ஐந்து நட்சத்திரம் வைத்தாள். பொய் எழுத அவளுக்கு வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்:

‘றொசாரியோவுக்கு நன்றி. அறை, என் அம்மாவே கூட்டித் துடைத்ததுபோல இருந்தது.’