நில்லுங்க

“டீச்சர், மறுபடியும் தண்ணியில விழுந்துட்டார்” என்றாள் அம்சம்.

மெஹராஜ் பேகம் வந்து எட்டிப் பார்த்தாள். திரையில், வரப்பின் மேல் நடந்துபோன குட்டி மனிதன் வாய்க்காலுக்குள் கிடந்தான். அவனைக் கரையிலேயே நிறுத்துவதுதான் முதல் பாடம். அம்சம் சரியான இடத்தில்தான் கட்டளை கொடுத்திருந்தாள். ஆனால் ‘நில்லுங்க’ என்று அடித்திருந்தாள்.

கீழே பதில் வந்திருந்தது: ‘புரியலைங்க. “நில்” என்று சொல்லிப் பாருங்க.’

“கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா மரியாதை? ‘நில்’லுன்னு அடி.”

“அது இவ்வளவு மரியாதையாப் பேசுது. நான் எப்படி டீச்சர் வெடுக்குன்னு சொல்றது?”

அம்சம் முப்பத்தைந்தைத் தாண்டியவள். குத்தகை நிலம் தகராறில் கைவிட்டுப் போன பிறகு, மகளுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, வலங்கைமானில் மெஹராஜ் நடத்தும் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். இதை முடித்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை உண்டு. அவளுக்கு இப்போது இருக்கிற ஒரே வழி அதுதான்.

மறுபடியும் அடித்தாள். விரல் எழுத்தைத் தேடுவதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது. ‘நில்லுங்க.’ குட்டி மனிதன் மறுபடியும் தண்ணீரில்.

பின்னால் கைகட்டி நின்றிருந்தார் வீரையன். தமிழிலேயே புரோகிராம் எழுதும் இந்த மொழியை உருவாக்கியவர் அவர்தான். இந்த வட்டாரத்துக்காரர், இப்போது சென்னையில் எஞ்சினியர். புதிதாகக் கற்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க வந்திருந்தார். பார்த்துக்கொண்டும் சும்மாவே நின்றார்.

மெஹராஜுக்குப் பொறுக்கவில்லை. அவரை வாசல் பக்கம் அழைத்துப் போனாள்.

“ல, ள மாத்தி அடிச்சா ஏத்துக்குது. புள்ளி விட்டுப்போனாலும் ‘இதுவாங்க?’ன்னு கேட்டுட்டுச் செய்யுது. ‘ங்க’ போட்டா மட்டும் ஏன் சார் அடம் பிடிக்குது?”

“அது அடம் பிடிக்கலைங்க. நான்தான் பிடிக்க வச்சிருக்கேன்.”

“மாத்துறது கஷ்டமா?”

“அஞ்சு நிமிஷ வேலை.”

“அப்ப மாத்திடுங்க.”

“மாட்டேங்க.”

மெஹராஜுக்குச் சுருக்கென்றது. மரியாதை தெரிந்த ஒருத்தியை அந்த மரியாதைக்காகவே தண்டிக்கிறாரே இந்த மனுஷன். பேச்சில் மட்டும் ஆயிரம் ‘ங்க’. படித்துப் பெரிய ஆளானால் தலைக்கனமும் கூடவே வந்துவிடும்போல.

உள்ளே அம்சம் லேப்டாப்பை மூடப் போனாள்.

“எனக்கு இது வராது டீச்சர். நாளைலேருந்து நடவுக்கே போறேன்.” சொல்லும்போதே குரல் உடைந்தது.

“பாத்தீங்களா?” என்றாள் மெஹராஜ்.

வீரையன் அம்சத்தின் அருகில் போனார். “ஒரே ஒரு தடவை அடிச்சுட்டு மூடுங்க. இங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

அம்சம் ஏனோ வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நின்றபடியே ஒற்றை விரலால் அடித்தாள்.

நில்.

வாய்க்கால் கரையில் குட்டி மனிதன் சட்டென்று நின்றான்.

‘நின்னுட்டேங்க. அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்க.’

அதை அவள் வாய்விட்டுப் படித்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். ‘திரும்பு’ என்று அடித்தாள். திரும்பினான். ‘நட’ என்று அடித்தாள். நடந்தான். பாடத்தில் இல்லாவிட்டாலும் இன்னொரு முறை ‘நில்’ என்று அடித்துப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மெஹராஜின் கோபம் அப்போதும் முழுதாக அடங்கவில்லை. “இதுக்கு ஒருத்தியை அழவைக்கணுமா சார்?” என்றாள் தாழ்ந்த குரலில்.

வீரையன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கம்மா பண்ணை வீட்டுக் கொல்லையில வேலை செஞ்சாங்க. ஒருநாள் அந்த வீட்டுக் குழந்தை தவழ்ந்து தவழ்ந்து கிணத்துப் பக்கம் போகுது. அம்மா தொடக்கூடாது. தொட்டா அடி விழும். தூர நின்னு கையைக் கூப்பிக்கிட்டு, ‘நில்லுங்க சின்னய்யா, நில்லுங்க’ன்னு கதறுறாங்க. நல்லவேளை, யாரோ ஓடிவந்து தூக்கிட்டாங்க.”

மெஹராஜ் திரும்பி அம்சத்தைப் பார்த்தாள்.

“அந்தச் சின்னய்யாவுக்கு அப்ப ஒரு வயசுகூட ஆகலைங்க.”